பாதி வண்டி உன்னுடையது

பெனாம்பாங், சபா
4 மார்ச் 2019

ஆல்பன்,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை. வண்டி விஷயம்.

உன் கைபேசிக்கு மூன்று தடவை அடித்தேன். யாரோ ஒரு அம்மாள் எடுத்து, இங்கே ஆல்பன் யாரும் இல்லை, இது மீன்கடை என்றாள். மூன்றாவது தடவை, மீன் வேண்டுமா வேண்டாமா என்று அதட்டவே செய்தாள். அதனால்தான் தவாவில் நீ வேலை பார்க்கும் கோகோ களத்தின் முகவரியை விசாரித்து எழுதுகிறேன்.

நாம் பாதிக்குப் பாதி காசு போட்டு வாங்கிய சிவப்பு கொரோல்லா என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. நீயும் என் தங்கை ரூஃபினாவும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த மாதத்தில் அதன் மேல் தார்ப்பாயைப் போட்டேன். ஏழு வருஷமாக எடுக்கவில்லை. இப்போது ரூஃபினாவுக்கு அந்தக் கொட்டகை வேண்டும். ரொட்டிக்கடை போடப் போகிறாள். அடுப்பு ஜூலையில் வருகிறது. "அந்த வண்டியை எடுக்கிறியா, இல்ல அதுக்குள்ளயே ரொட்டி சுடட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாள்.

காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. எங்கள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் ஜூலியா என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் தன் மாமனாரின் பழைய ஜீப்பை இணையத்தில் ஏலம் விட்டாள். படமும் விவரமும் போட்டால் ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். ஏழாம் நாள் முடிவில் யார் கேட்டது அதிகமோ வண்டி அவருக்கு. பழைய வண்டி என்றால் அலைகிற பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், நம்மைப் போல.

ஒரே சிக்கல், வண்டி என்னிடம் இருக்கிறது, பதிவு உன் பெயரில் இருக்கிறது. நீ சம்மதிக்காமல் விற்க முடியாது. சரி என்று ஒரு வரி எழுது. அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

கோஸ்மாஸ்


தவாவ்
19 மார்ச் 2019

திரு. கோஸ்மாஸ் கிம்பாங் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வண்டியை ஏலம் விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சம்மதப் பத்திரமும் பதிவுப் புத்தகத்தின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஆல்பன் சோங்

பின்குறிப்பு: பெட்ரோல் தொட்டியைக் காலி செய்தீர்களா? ஏழு வருஷப் பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதோடு எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்.

மேலும், சக்கரங்களைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினீர்களா, அல்லது தரையிலேயே விட்டுவிட்டீர்களா? தரையில் என்றால் நான்கு டயரும் போயிருக்கும். பதில் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்தக் கொட்டகையில் அடுப்பு வைத்தால் புகை முழுதும் உங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். புகைபோக்கியை மேற்குச் சுவரில் வைக்கச் சொல்லவும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.


பெனாம்பாங்
2 ஏப்ரல் 2019

ஆல்பன்,

அது என்ன 'தங்கள்'? நீ என்னை 'டேய்' என்று திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உன் கடிதத்தை என் வீட்டுக்காரி டோரீனிடம் காட்டினேன். வக்கீல் நோட்டீசா என்று கேட்டாள்.

டயர்கள் போய்விட்டன. தரையில்தான் விட்டிருந்தேன். போதுமா?

தார்ப்பாயை எடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பின் கண்ணாடி ஒன்றை ஏற்ற மறந்திருக்கிறேன். அது வழியாகப் புகுந்து எங்கள் வாத்து பின் சீட்டில் பதினோரு முட்டை இட்டு அடைகாக்கிறது. கதவைத் திறந்தேன், கையில் கொத்திவிட்டது. குஞ்சு பொரிக்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்று டோரீன் உத்தரவு போட்டிருக்கிறாள். அதுவரை முன்பக்கத்தை மட்டும் கழுவுகிறேன்.

ஏல விவரத்தை எழுதிவிட்டேன், பார்: '1981-ம் வருஷத்து கொரோல்லா. சிவப்பு நிறம். ஒரே குடும்பத்தார் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தது. விபத்து எதுவும் கண்டதில்லை. பிரிய மனமில்லாமல் விற்கிறோம்.'

கடைசி வரியில் ஜூலியாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உனக்குச் சரிதானே?

கோஸ்மாஸ்


தவாவ்
11 ஏப்ரல் 2019

கோஸ்மாஸ்,

சரியில்லை. 'விபத்து எதுவும் கண்டதில்லை' என்று என் பெயரில் இருக்கும் வண்டிக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. கூரையின் இடது பக்கம் நசுங்கியிருக்கிறதே, அது தானாக நசுங்கியதா? வாங்குகிறவனுக்குக் கண் இருக்காதா?

2009-ல் தம்புனான் மலைப் பந்தயத்தில் ஆற்றுத்துறை இறக்கத்தில் வண்டி குட்டிக்கரணம் போட்டது என்று எழுது. ஓட்டியது யார் என்பதையும் எழுது.

பத்து வருஷமாக அந்தக் கதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு விருந்திலும் டோரீன் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஆல்பன் கையில் சாவியைக் கொடுக்காதீங்க, வண்டி தலைகீழாத்தான் வீட்டுக்கு வரும் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நீதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பாய். உன் அப்பா கடைசி வரை தன் வண்டியை என்னிடம் ஓட்டக் கொடுக்கவில்லை. டோரீன் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. இனி பந்தயத்தில் ஓட்ட மாட்டேன் என்று அவளிடம் நீ சத்தியம் செய்திருந்தாய். பிரசவம் வரைக்கும் நீ ஓட்டினதாகச் சொல்லு மச்சான் என்று கேட்டாய். நான் சரி என்றேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது.

பேனாவை எடுத்துவிட்டேன், இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2013-ல் உன் அப்பா இறந்தபோது நான் வந்தேன். பத்து மணி நேரம் பேருந்தில் வந்தேன். உன் வீட்டு வாயில் கதவுக்கு வெளியே மலர்வளையத்தோடு இரண்டு மணி நேரம் நின்றேன். நீ ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாய். பிறகு திரையை இழுத்துவிட்டாய். வளையத்தைக் கதவில் மாட்டிவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன். அவர் எனக்கும் பதினாறு வருஷம் அப்பாவாக இருந்தவர்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஏல விவரத்தை மட்டும் திருத்து.

ஆல்பன்

பின்குறிப்பு: வாத்து எப்படி இருக்கிறது?


பெனாம்பாங்
29 ஏப்ரல் 2019

ஆல்பன்,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. அந்த வாயில் கதவு விஷயத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் செய்ததைச் சொல்கிறேன்.

ஏல விவரத்தை மாற்றி எழுதிப் பக்கத்தில் போட்டாகிவிட்டது. மே 13 அன்று ஏலம் தொடங்கும். போன வாரத்திலிருந்து உலகம் முழுக்கப் படிக்கலாம். நீயும் படி:

'1981-ம் வருஷத்து கொரோல்லா. சிவப்பு. நான்கு டயரும் புதிது, ஏனென்றால் பழையதை நான் அழுகவிட்டேன். பின் சீட்டில் ஒரு வாத்து குடும்பம் நடத்தியது. துவைத்தாகிவிட்டது, வாசனை கொஞ்சம் இருக்கும். இடது கூரை நசுங்கியிருக்கும். 2009-ல் மலைப் பந்தயத்தில் கவிழ்ந்தது. ஓட்டியவன் கோஸ்மாஸ் கிம்பாங் ஆகிய நான். பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தைக் குறை என்று இரண்டு தடவை சொன்னவர் ஆல்பன் சோங். பத்து வருஷமாகப் பழியைச் சுமந்தவரும் அவரே. எஞ்சின் அருமையாக ஓடும்.'

இது விளம்பரமா, பாவமன்னிப்பா என்று ஜூலியா கேட்டாள்.

பெனாம்பாங்கில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். சந்தையில் மரவள்ளி விற்கிற கிழவர்கூட என்னைப் பார்த்து, வேகத்தைக் குறை என்கிறார். டோரீன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, வாத்திடம் மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் வந்து, நான் அந்த மனுஷனை எத்தனை தடவை சாப்பாட்டு மேஜையில் அவமானப்படுத்தியிருக்கேன் தெரியுமா என்று கேட்டு அழுதாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அவள் சார்பிலும் என் சார்பிலும் கேட்கிறேன்.

ரூஃபினா நின்றபடியே படித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல நேரம் என்று நினைத்து, அப்பா சாவுக்கு நீ வந்ததையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது, ஆல்பன். நான் யாரிடமும் சொல்லவில்லை. வளையம் எங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது என்று சொல்லிவைத்திருந்தேன். அன்று அவள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள்; உன்னைப் பார்த்தால் உடைந்துவிடுவாள் என்று நானாக முடிவு செய்தேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போனாள். நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது.

கோஸ்மாஸ்


தவாவ்
9 மே 2019

கோஸ்மாஸ்,

விளம்பரத்தைப் படித்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் களத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிறகு ஒரு தடவை தனியாகவும் படித்தேன்.

ரூஃபினாவிடம் நீ சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னது நல்லது.

தொலைபேசியில் பேசலாமா என்று கேட்காதே. உன்னை எனக்குத் தெரியும், என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். தாளில்தான் எனக்கு என் முறை கிடைக்கிறது.

டோரீனிடம் சொல், மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அவள் செய்கிற மாங்காய் போட்ட மீன் ஹினாவா ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்.

ஆல்பன்

பின்குறிப்பு: 'எஞ்சின் அருமையாக ஓடும்' என்பது மிகை. குளிர்ந்த காலையில் மூன்றாவது முயற்சியில்தான் கிளம்பும். அதையும் சேர்.


பெனாம்பாங்
21 மே 2019

ஆல்பன்,

விற்றுவிட்டது! நேற்று மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. தண்ணீர்க் கட்டணம் கட்ட வந்தவர்கள்கூட ஜூலியாவின் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

மொத்தம் நாற்பத்தோரு கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன், பழகிவிட்டது. இரண்டாம் நாள் ஒருவன், இது இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு என்று எழுதி ஐந்நூறு ரிங்கிட் கேட்டான். அடுத்த நிமிஷம் 'கோகோ61' என்ற பெயரில் ஒருவர் நான்காயிரம் கேட்டார்.

1961-ல் பிறந்து கோகோ களத்தில் வேலை பார்க்கும் ஆளை எனக்குத் தெரியும். அட அறிவாளி, வண்டி உன் பெயரில் இருக்கிறது! சொந்த வண்டியை நீயே ஏலம் கேட்கலாமா? அதற்குப் பெயர் மோசடி. ஜெயித்திருந்தால் உனக்கு நீயே பணம் கொடுத்து, அதில் எனக்குப் பாதி அனுப்பியிருப்பாயா? ஏலக்காரர்களிடம் நானே சொல்லி நீ கேட்ட விலையை ரத்து செய்ய வைத்தேன். மூன்று மாதம் உன்னை அந்தப் பக்கத்தில் நுழையவிட மாட்டார்கள்.

வாங்கியது செம்போர்னாவில் ஒரு பெண், சித்தி ரஹ்மா. கல்யாணங்களுக்கு அலங்கார வண்டி வாடகைக்கு விடுகிறாள். கூரை நசுங்கினது எந்தப் பக்கம் என்று கேட்டாள், ஏனென்றால் பஜாவ் இனத்து மணப்பெண்ணின் தலை அலங்காரம் ஒரு முழ உயரம். இடது பக்கம் என்றேன். 'பொண்ணு வலது பக்கம்தான் உட்காருவா. மாப்பிள்ளைதானே, குனிஞ்சு பழகட்டும்' என்று எழுதிவிட்டு ஒரேயடியாக ஒன்பதாயிரத்துக்கு ஏற்றிவிட்டாள். அதற்கு மேல் யாரும் வரவில்லை.

தவாவ் போக்குவரத்து அலுவலகத்தில் நீயும் அவளும் கைரேகை வைக்க வேண்டும். அதற்கு வண்டி அங்கே வந்தாக வேண்டும். என்ன செய்வோம்?

கோஸ்மாஸ்


தவாவ்
28 மே 2019

கோஸ்மாஸ்,

கோகோ61 நான்தான். இரும்புக் கடை என்று படித்ததும் கை தானாகப் போய்விட்டது. சட்டம் எல்லாம் அடுத்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை. நீ சொல்லி ரத்து செய்ததற்கு நன்றி.

லாரியில் ஏற்றி அனுப்பு, அல்லது நீயே ஓட்டி வா. நான் பெனாம்பாங்குக்கு வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்தத் தெருவில் திரும்பி அந்தக் கதவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்யாண வண்டி ஆகப் போகிறது என்பது நல்ல செய்தி. நம்மிடம் இருந்தபோது அது ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை.

ஆல்பன்


பெனாம்பாங்
7 ஜூன் 2019

ஆல்பன்,

அறுவடைத் திருநாளன்று ரூஃபினா வந்தாள். கையில் கூடை நிறைய ரொட்டி. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், அரிசி மது ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூடையை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு மாலை கொண்டுவந்த ஆளை வாசல்ல நிக்க வெச்சிருக்கே. யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றேன்.

"எனக்காகவா? நான் விவாகரத்து பண்ணது என் புருஷனை. உன் மச்சானை நான் எப்ப பண்ணேன்?"

அவள் கேட்டது சரிதான். அவளுக்கும் உனக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிந்தீர்கள், அது உங்கள் விஷயம். எனக்கும் உனக்கும் ஒரு சண்டையும் இருந்ததில்லை. நானாக ஒன்றை உண்டாக்கி ஏழு வருஷம் வளர்த்தேன். அன்று ஜன்னலில் நின்றபோது கீழே ஓடிவர வேண்டும் என்றுதான் இருந்தது. வரவில்லை. நான் செய்தது தப்பு. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத் தெரியாமல்தான் அந்த நான்கு கடிதத்தையும் கிழித்தேன்.

வண்டியை நான் தனியாக மலை தாண்டி ஓட்டிவர டோரீன் விடமாட்டாள். ஆல்பன் ஓட்டினால் மட்டும்தான் சாவி தருவேன் என்கிறாள். உன் அதிர்ஷ்டத்தைப் பார்!

இந்த மாதம் 28-ம் தேதி பேருந்து ஏறி இங்கே வா, மாலை நிலையத்துக்கு நான் வருகிறேன். கதவைப் பற்றிக் கவலைப்படாதே. அதற்கு ஒரு ஏற்பாடு செய்கிறேன்.

கோஸ்மாஸ்


தவாவ்
4 ஜூலை 2019

மச்சான்,

பேருந்தில் நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். பத்து மணி நேரம் ஒரே வண்டியில் வந்தோம். ஆனால் நீ பேசியதில் எனக்கு முறையே வரவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன்.

கதவுக்கு ஏற்பாடு என்று எழுதியிருந்தாயே, நான் என்னவோ நினைத்தேன். தெருவில் திரும்பிப் பார்த்தால் கதவே இல்லை. கீலோடு கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாய். எண்ணெய் போடக் கழற்றினேன் என்றாய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. நல்ல வேளை, நானும் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூஃபினாவிடம் ஐந்து நிமிஷம்தான் பேசினேன். நீ சமையலறையில் ஒளிந்துகொண்டது எங்கள் இருவருக்கும் தெரியும். கை முழுக்க மாவோடு வந்து, "புகைபோக்கியை மேற்குப் பக்கம் வெக்கச் சொன்னது நீதானே? எங்க அண்ணனுக்கு அவ்வளவு யோசனை வராது" என்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் நன்றாக இருக்கிறாள். நான் பார்த்த நாட்களை விட நன்றாக இருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வழிக்கு இரண்டு ரொட்டி கொடுத்தாள்.

குண்டாசாங் வளைவுகளில் நீ ஓட்டக் கேட்டபோது நான் சாவியைத் தந்ததை டோரீனிடம் சொல்லாதே. பனிமூட்டத்தில் நீ வேகத்தைக் குறைத்தாய், நான் சொல்லாமலே. தெலுப்பிட்டில் தண்ணீர் கொதித்து நின்றபோது, சாலையோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு, அப்பாவின் கடைசி நாட்களை நீ சொன்னாயே, அது எனக்குப் போதும். ஒரு தடவை என்னை விசாரித்தார் என்றாயே. அதை எழுதி அனுப்பியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சித்தி ரஹ்மாவை என்னால் மறக்க முடியாது. ஏழு உறவினர்களோடு வந்து, அந்தத் தங்க நிறத் தலை அலங்காரத்தைத் தானே மாட்டிக்கொண்டு, போக்குவரத்து அலுவலக வாசலில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாளே. அவள் புருஷன் இடது பக்கம் ஏறித் தலையை இடித்துக்கொண்டதும் அலுவலகத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். வண்டி கிளம்பியபோது நீ மீன் சந்தைப் பக்கம் திரும்பி எதையோ ரொம்ப கவனமாகப் பார்த்தாய். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மச்சான். எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் பார்த்தேன்.

நேற்று அவள் கூப்பிட்டாள். முதல் கல்யாணம் முடிந்துவிட்டதாம். மணப்பெண் இறங்க மாட்டேன் என்று இன்னும் ஒரு சுற்று சுற்றச் சொன்னாளாம்.

ஆல்பன்


பெனாம்பாங்
22 ஜூலை 2019

மச்சான்,

அடுப்பு வந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து கொட்டகைக்குள் இறக்கினோம். வாத்துக் குஞ்சுகள் இன்னும் பழைய இடம் என்று நினைத்து உள்ளே போய் நிற்கின்றன; ரூஃபினா விளக்குமாற்றோடு நிற்கிறாள். ஆகஸ்ட் 3 அன்று கடை திறப்பு. நீ வரலாம் என்று சொல்லச் சொன்னாள். ஆனால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமாம், சொந்தம் என்று யாருக்கும் தள்ளுபடி கிடையாதாம். 'சொந்தம்' என்று அவள்தான் சொன்னாள், நான் சேர்க்கவில்லை.

டோரீன் ஹினாவாவுக்கு மாங்காய் பார்த்து வைத்திருக்கிறாள். குண்டாசாங் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் உளறிவிட்டேன். நீயும் கூட்டா என்று உன் மேலும் கோபமாக இருக்கிறாள், அதனால் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பாதித் திட்டு உன்னுடையது.

என் பையன் இப்போது படம் வரைகிறான், எல்லாம் வண்டிப் படம், எல்லாம் தலைகீழாக. ஜூலியா உன்னை விசாரித்தாள். வாயில் கதவு இன்னும் சுவரோரம்தான் சாய்ந்திருக்கிறது. மாட்ட நேரம் கிடைக்கவில்லை. மழையில் கீல் துருப்பிடித்துவிட்டது, இனி மாட்டினாலும் சாத்த வராது என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

உன் பங்கை வங்கியில் போட்டுவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. கைரேகை, பதிவு, எல்லாம் முடிந்தது. இனி உனக்கும் எனக்கும் சேர்த்து எழுத வேண்டிய காரியம் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கம் ஆகிவிட்டது, பார்.

உன் மச்சான்,
கோஸ்மாஸ்